கணவன் என்பதற்கான வரையறை

உறவு என்பது இருவருக்கிடையே நிலவும் ஒரு தொடர்பு ஆகும். அதனை நிறுவுவதற்கு இரண்டு வகைச் செய்திகள் போதும். யார் யாருக்குப் பெற்றோர் என்பது ஒன்று. யார் ஆண், யார் பெண் என்பது மற்றொன்று. மாமன், அத்தை, சித்தப்பா, நாத்தனார், சம்பந்தி என உலகில் உள்ள உறவுகள் அனைத்தையும் இவ்விரண்டிலிருந்தே வருவித்துவிடலாம். இவ்வுண்மையை நான் என் ஐம்பத்தோராம் வயதில் கற்றேன். இளமையில் கற்றவர்கள் அதை மறந்துவிட்டிருக்கக்கூடும். எனக்கோ அது நேற்றுக் கற்றதுபோல் நினைவிருக்கிறது. ஏறக்குறைய நேற்றுத்தான் கற்றேன்.

நான் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தன். இருபத்தாறு ஆண்டுகள் காகிதங்களை அடுக்கிய பிறகு, மாலை வகுப்பொன்றில் சேர்ந்து தருக்க நிரலாக்கம் பயின்றேன். பிற நிரல்களில் கணினிக்கு ஒவ்வொரு படியாக வேலை ஏவ வேண்டும். இதில் அவ்வாறு இல்லை. எவையெவை உண்மை என்று எழுதி வைக்கிறோம். எதிலிருந்து எது பெறப்படும் என்று விதிகளை எழுதுகிறோம். பின்னர் கேள்வி கேட்கிறோம். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை வரும். இதைவிடக் கண்ணியமான உரையாடலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வகுப்பு முடிந்து சான்றிதழ் பெற்ற அன்று உறவினரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். என் சகலையும், அதாவது என் மனைவியின் தங்கை கணவரும், வந்திருந்தார். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூடம் முழுவதும் கேட்கும்படி, "அம்பத்தோரு வயசுல அண்ணன் யாருக்கு யாரு அப்பான்னு கண்டுபிடிக்கப் படிச்சிருக்காரு. எங்க வீட்ல நாலு வயசுல தெரிஞ்சுக்கிட்டோம்" என்றார். எல்லாரும் சிரித்தனர். என் மனைவியும் சிரித்தாள். மனைவியோடு பேசாதிருக்க இயலாது. ஆகவே சகலையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். இது மூன்று ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது.

இனி மருத்துவமனையின் சிக்கலுக்கு வருவோம். மூன்றாம் தளத்தில் அறுவைப் பிரிவு உள்ளது. பிற்பகல் மூன்று மணி முதல் மூன்றரை வரை நெருங்கிய உறவினர் மட்டும் உள்ளே செல்லலாம். யார் நெருங்கிய உறவினர் என்பதை வாயிற்காவலர் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவந்தார். "அழுத மூஞ்சி, அழாத மூஞ்சி, அழற மாதிரி நடிக்கிற மூஞ்சி, மூணுதான் சார் உலகத்துல" என்பது அவருடைய கோட்பாடு. ஒருநாள் ஒரே நோயாளிக்குப் பதினொரு அண்ணன்மார் உள்ளே போய்விட்டனர். கண்காணிப்பாளர் அம்மையார் என்னை அழைத்தார்.

நான்கு மாதம் உழைத்தேன். இரண்டே வகை உண்மைகளிலிருந்து முப்பத்துநான்கு உறவுகளை வருவிக்கும் விதித்தொகுதி ஒன்றை உருவாக்கினேன். வருவிக்கக் கூடியதைப் பதிவு செய்யாதே என்பது எங்கள் ஆசிரியரின் முதல் கட்டளை. ஆதலால் நோயாளியின் படிவத்தில் ‘பெற்றோர்’, ‘உடன்பிறந்தோர்’, ‘பிள்ளைகள்’ என்ற மூன்று கட்டங்களே இருந்தன. உடன்பிறந்தோர் அதே பெற்றோரின் பிள்ளைகளாகவே பதிவாவர். கணவன், மனைவி என்ற கட்டம் தேவைப்படவில்லை. அதற்கு ஒரு விதி இருந்தது. இன்றளவும் நான் எழுதியவற்றுள் மிகச் சுருக்கமானது அதுவே:

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே பிள்ளையின் பெற்றோர் எனில், அவ்விருவரும் கணவன் மனைவி ஆவர்.

வாயிலில் வருபவர் விரல் ரேகையை வைக்க வேண்டும். உறவு நிறுவப்பட்டால் படம் பதித்த சீட்டு வரும். உள்ளே இருக்கும் செவிலியர் சீட்டைப் பார்த்தே அனுமதிப்பார். உறவு நிறுவப்படாவிட்டால் ‘இல்லை’ என்று வரும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கணினிக்குத் தெரியாதது எதுவோ, அது பொய் என்றே கொள்ளப்படும். தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் அதனிடம் வேறுபாடு கிடையாது. இதனைக் காவலரிடம் விளக்கியபோது அவர், "எங்க மாமியார் மாதிரின்னு சொல்லுங்க" என்றார்.

கண்காணிப்பாளர் அம்மையார், அவசரத்துக்கு ஒரு விதிவிலக்குப் பொத்தான் வைக்கலாமா என்று கேட்டார். நான் மறுத்தேன். விதிவிலக்குப் பொத்தான் என்பது பதினொரு அண்ணன்மார் நுழையும் பின்வாசல் என்று எழுத்து மூலம் தெரிவித்தேன். மருத்துவமனை ஊழியர் எவரும் தம்மைப் பற்றிய செய்தியைத் தாமே பதியலாகாது என்றும் ஒரு விதி சேர்த்தேன். நுழைவுக்கு ஊழியர் அட்டை செல்லாது என்றும் சேர்த்தேன். ஊழியம் உறவு அன்று. ஒரே ஒரு சலுகை அளித்தேன். ஏற்கெனவே உறவு நிறுவப்பட்ட ஒருவர் காவலர் மேசையில் விரல் வைத்து, விடுபட்ட பெற்றோர் செய்தி எதையேனும் சேர்க்கலாம். பதற்றத்தில் படிவம் நிரப்புவோர் இரண்டாவது பிள்ளையை எழுத மறப்பது உண்டு.

தொகுதியைச் சோதிக்க ஒரு குடும்பம் தேவைப்பட்டது. நடுநிலை கருதி, எனக்குச் சிறிதும் வேண்டாத ஒருவரின் குடும்பத்தைத் தேர்ந்தேன். சகலை, அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், என் மாமனார் மாமியார் ஆகியோர் அனைவரையும் பதிந்தேன். முப்பத்துநான்கு உறவுகளும் பிழையின்றி வந்தன. அப்பதிவுகளை நான் அழிக்கவில்லை.

அன்று மாலை மகிழ்ச்சி தாளாமல் அவ்விதியை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை இல்லாதவங்க என்ன ஆவாங்க?" என்று கேட்டாள்.

"அது விதிவிலக்கு. அடுத்த பதிப்புல சேர்த்துக்கலாம்."

"ஓ" என்றாள். ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மீண்டும் மடித்தாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திருமணமாகி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இச்செய்தியை முன்னரே கூறியிருக்க வேண்டும். பொதுவாக நாங்கள் அதைக் கூறுவதில்லை.

தொகுதி எட்டு மாதம் செவ்வனே இயங்கியது. எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் அனுமதிக்கப்பட்டனர். உறவு நிறுவப்படாமையால் ஏழு பேர் மறுக்கப்பட்டனர். அந்த ஏழு என்னும் எண்ணை நான் ஆண்டறிக்கையில் தடித்த எழுத்தில் இட்டேன். ஒருவரையும் மறுக்காத வாயில் வாயிலே அன்று என்பது என் கருத்து. காவலர் மட்டும் ஒருமுறை, "அந்த நாலாவது ஆளு புதுசா கல்யாணம் ஆன பையன் சார். படிக்கட்டுலயே உக்காந்திருந்தான். அது அழுத மூஞ்சி" என்றார். முகம் ஒரு செய்தி அன்று என்று அவருக்கு விளக்கினேன்.

இந்நிலையில் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரியவந்தது. சிறிய அறுவைதான் என்றார் மருத்துவர். அவளுக்கு அறுவையைப் பற்றி அச்சம் இல்லை. மயக்க ஊசியைப் பற்றியே அச்சம். அவளுடைய தாயார் அவ்வாறு ஒருநாள் தனியே உள்ளே சென்றவர், கண் விழிக்கவில்லை. வாயிலில் நின்ற இவளிடம் ஒரு சொல்லும் சொல்லிக்கொள்ள அவருக்கு வாய்க்கவில்லை.

"மூணரைக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். அதுக்கு முன்னாடி நீங்க வந்து பக்கத்துல நிக்கணும். ஒண்ணும் பேச வேணாம். நின்னா போதும்" என்றாள்.

"நிக்கிறேன்" என்றேன்.

அவளுடைய படிவத்தை நானே நிரப்பினேன். பெற்றோர், தங்கை ஆகியோரை எழுதினேன். பிள்ளைகள் என்ற கட்டத்தில் அளவுகோல் வைத்து நேர்த்தியாக ஒரு கோடு இழுத்தேன்.

குறித்த நாளில், மூன்று மணி ஐந்து நிமிடத்திற்கு மூன்றாம் தளத்தை அடைந்தேன். காவலர் எழுந்து நின்றார். நான் விரலை வைத்தேன்.

‘இல்லை.’

"விரல் ஈரமா இருக்கும் சார். துடைச்சுட்டு வைங்க."

துடைத்துவிட்டு வைத்தேன். ‘இல்லை.’

"இன்னொரு விரல்?"

இன்னொரு விரலையும் அது அடையாளம் கண்டது. என் பெயரைச் சரியாகக் காட்டியது. அதன் கீழே ‘இல்லை’ என்றது. காவலர் திரையை உற்று நோக்கினார்.

"மூணு தடவ கேட்டாச்சு, மூணு தடவையும் ஒரே பேச்சு. மனுஷனா இருந்தா மூணாவது தடவ மனசு இளகியிருக்கும்."

"நான் நோயாளியோட கணவன்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா சார்? எட்டு மாசமா அவங்க குடுத்து விடுற டப்பாவுல பாதி நான்தானே சாப்பிடறேன். எனக்குத் தெரியும். இதுக்குத்தான் தெரியல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய விதத்தை நான் குறிப்பிட்டே ஆக வேண்டும். முதலில் விதி நினைவுக்கு வந்தது, அடுத்து நான் இழுத்த கோடு நினைவுக்கு வந்தது, அதன் பிறகே தலையணை உறை நினைவுக்கு வந்தது. விதியில் பிழை ஏதும் இல்லை. கணினி ஒரு பிள்ளையைத் தேடியது, கிடைக்கவில்லை, ஆகவே நான் என் மனைவிக்கு யாரும் இல்லை. ஊருக்கெல்லாம் வேலி கட்டியவன் தன் வீட்டை வெளியே விட்டுக் கட்டினாற்போல் ஆயிற்று.

கண்காணிப்பாளர் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அன்று அவர் வேறோர் ஊரில், பல மருத்துவமனைகளின் தலைவர்கள் கூடிய அவையில், என்னுடைய தொகுதியைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார். உரையை எழுதித் தந்தவனும் நானே.

"என்னைச் சும்மா உள்ள விட்டுடுங்க" என்றேன். இவ்வாக்கியத்தை என் வாயிலிருந்து கேட்கும் பேறு காவலருக்குக் கிட்டியது.

"விட்டுடுவேன் சார். உள்ள சிஸ்டர் சீட்டு கேப்பாங்களே. சீட்டில்லாம விட்டா எனக்கு மெமோ. அந்த மெமோகூட நீங்க அடிச்சு வெச்சதுதான். பாருங்க, டிராயர்ல அம்பது காப்பி இருக்கு."

மூன்று பதினான்கு ஆயிற்று. அவ்வேளையில் உள்ளேயிருந்து கதவு திறந்தது. கழுத்தில் படம் பதித்த சீட்டைத் தொங்கவிட்டபடி, கையில் மசகுக் கறையோடு என் சகலை வெளியே வந்தார். என் மனைவி அவரையும் அழைத்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். மூன்று ஆண்டு வழக்கப்படி என்னை விட்டுக் காவலரிடம் பேசினார்.

"அவருகிட்ட சொல்லுங்க, அக்கா வாசலையே பாத்துட்டிருக்காங்கன்னு. உள்ள வராம இங்க என்ன ஆராய்ச்சி?"

"ஆராய்ச்சி இல்லீங்க. மிஷின் சாரை விட மாட்டேங்குது."

"ஏன்?"

"அவரு அவங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்."

 சகலை மேசையின் மேல் கைகளை ஊன்றிக்கொண்டார்.

"நான் யாருன்னு சொல்லுது?"

காவலர் திரையைப் படித்தார். "நோயாளியின் தங்கையின் கணவர். ஆம்."

"அட! நான் ஆம். அண்ணன் இல்லை." அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்; சிரித்தார். ஆனால் முன்பு கூடம் முழுவதும் கேட்ட சிரிப்பு அன்று அது; பாதியிலேயே நின்றுவிட்டது. "லிஃப்டுக்குள்ளயே மாட்டிக்கிட்ட மெக்கானிக் கதைதான். எனக்கும் ரெண்டு தடவ ஆயிருக்கு."

"தம்பி" என்றேன். மூன்று ஆண்டுகளில் நான் அவரிடம் கூறிய முதல் சொல் அது. "மணி ஆகுது."

"சொல்லுங்கண்ணே. இதுக்கு இப்ப என்ன வேணும்?"

நான் விடையளிக்க முயன்றேன். அறிவுத்தளத்தில் உள்ள செய்திகளின் வகை, வருவித்தலின் வரம்பு ஆகியவற்றை முறையாக விளக்கத் தொடங்கினேன். பாதியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இறுதியில் ஒரே சொல்லில் முடிக்க நேர்ந்தது.

"பிள்ளை."

காவலர் தம் வருகைப் பதிவேட்டை எடுத்து, அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லாதபோதும், எழுதலானார்.

சகலை தம் கைக் கறையைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னா ஏத்துக்குமா?"

"நீங்க நிறுவப்பட்டவர். ஏத்துக்கும். ஆனா யாருக்கு யாரு பெற்றோர்னு மட்டும்தான் சொல்லலாம்."

"அப்ப என் பொண்ணு பேரைப் போடுங்க. அண்ணன் அப்பா, அக்கா அம்மா."

"அது பொய், தம்பி."

"எதுண்ணே பொய்? ஒம்பதாவது, பத்தாவது ரெண்டு வருஷம் யாரு வீட்ல இருந்து பள்ளிக்கூடம் போனா? கணக்குல பெயிலானப்ப யாருகிட்ட கையெழுத்து வாங்கினா? என்கிட்டயா? எனக்கு இன்னி வரைக்கும் அந்த மார்க் எவ்வளவுன்னு தெரியாது."

"பதினெட்டு" என்றேன். என்னையும் அறியாமல் வந்துவிட்டது.

"பாத்தீங்களா!" என்றார் அவர், காவலரைப் பார்த்து.

"இருந்தாலும், பெற்றோர்ங்கிற சொல்லுக்கு வரையறை..."

"மூணு இருவத்திரண்டு ஆச்சு. பாடத்தை அப்புறம் எடுங்கண்ணே. எங்க விரல் வைக்கணும்?"

விரலை வைத்தார். கறை படிந்த விரலானதால் அவருக்கும் முதல் முறை ஏற்கவில்லை. அதில் எனக்குச் சிறு ஆறுதல் ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை. காவலர் செய்தியைத் தட்டச்சு செய்தார். ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, அறுவை மருத்துவரின் கவனத்தோடு செய்தார். பின்னர் நான் என் விரலை வைத்தேன்.

‘ஆம்.’

சீட்டு வெளிவந்தது. காவலர் அதைக் கிழித்துத் தராமல், திரையை இன்னும் நெருங்கிப் பார்த்தார்.

"சார், அம்மாவுக்கு இப்ப ரெண்டு புருஷன்னு வருது. நீங்க ஒண்ணு, இவரு ஒண்ணு."

விதியின்படி அது சரியே. ஒரே பிள்ளைக்கு இரண்டு தந்தையரும் இரண்டு தாய்மாரும் கிடைத்துவிட்டமையால், எங்கள் நால்வருக்குள்ளும் கணினி தாராளமாகத் திருமணம் செய்து வைத்திருந்தது.

"அப்ப எனக்கும் ரெண்டு பொண்டாட்டியா?" என்றார் சகலை. "ஒண்ணுக்கே லீவு கிடைக்கல. ஐயா, இதை வெளிய சொல்லிடாதீங்க. நீங்க போங்கண்ணே, ஓடுங்க."

பாடநூலில் ஒரு பகுதி உண்டு. பொய்யான எடுகோளிலிருந்தும் மெய்யான முடிவு பிறக்கக்கூடும். அத்தகைய முடிவைக் கொண்டு எவரும் பெருமிதம் அடையலாகாது. தேர்வில் இவ்வினாவுக்கு நான் முழு மதிப்பெண் பெற்றேன். அந்தச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடைவழியில் ஏறக்குறைய ஓடினேன்.

என் மனைவி பச்சை உடையில், தலைமயிரை ஒரு தொப்பிக்குள் ஒடுக்கி, சக்கரக் கட்டிலில் படுத்திருந்தாள். முகம் சிறுத்துத் தெரிந்தது. என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். நான் பற்றிக்கொண்டேன். மணி மூன்று இருபத்தாறு.

"எங்க போயிட்டீங்க?"

"வாசல்ல ஒரு சான்று தேவைப்பட்டுது."

"என்ன சான்று?"

"நான் உன் புருஷன்னு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிடைச்சுதா?"

"தம்பி குடுத்தாரு. அவங்க பொண்ணு நம்ம பொண்ணுன்னு எழுதிக் குடுத்தாரு."

அவள் என் கழுத்திலிருந்த சீட்டை வெகுநேரம் படித்தாள். வெகுநேரம் என்பது இங்கே ஏறத்தாழ ஒரு நிமிடம். எங்களிடம் இருந்தவை நான்கு.

"நான் அன்னிக்கே கேட்டேன்ல?"

"கேட்ட."

"அப்புறம்னீங்க."

"ஆமா. தப்புதான்." இச்சொல்லையும் நான் அண்மையில்தான் கற்றேன் என எண்ணுகிறேன். "நாளைக்கே அந்த விதியை மாத்திடறேன். கணவன் மனைவிக்குத் தனிக் கட்டம் வெச்சிடறேன்."

"வெச்சதும் அந்தப் பொண்ணு விஷயத்தை அழிச்சிடுவீங்களா?"

பொய்ச்செய்தி கண்டறியப்பட்டவுடன் நீக்கப்பட வேண்டும் என்பது நெறி. அதில் ஐயமில்லை. செவிலியர் வந்து கட்டிலின் பூட்டை விடுவித்தார்.

"அதை அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

ஆறரை மணிக்கு அவள் நலமாகக் கண் விழித்தாள் என்பதை இங்கேயே கூறிவிடுகிறேன். படிப்பவரைக் காக்க வைப்பது பாடநூல் மரபு அன்று. அதுவரை நானும் சகலையும் படிக்கட்டில் அமர்ந்திருந்தோம். நான்காமவன் அமர்ந்திருந்தது எந்தப் படி என்று காவலரிடம் கேட்டேன். காட்டினார். அவன் தொலைபேசி எண் பதிவேட்டில் இருக்கும். மற்ற ஆறு பேருடையவையும் இருக்கும். அவர்களிடம் என்ன சொல்வது என்பதற்குத்தான் என்னிடம் விதி ஏதும் இல்லை.

ஐந்தே முக்காலுக்குக் கண்காணிப்பாளர் அம்மையாரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘உங்கள் தொகுதிக்குப் பெரும் பாராட்டு. மறுக்கப்பட்டோர் ஏழு பேர் என்று சொன்னபோது அவையே கைதட்டியது. வாழ்த்துகள்.’

சகலை எட்டிப் பார்த்துப் படித்தார். "என்ன பதில் போடப் போறீங்கண்ணே?"

நான் சற்று எண்ணி, தட்டச்சு செய்தேன்.

‘நன்றி. ஏழு என்பதை எட்டு என்று திருத்திக்கொள்ளவும்.’